வலக்கண்ணில் மட்டும்

கண் ஆஸ்பத்திரியிலிருந்து மதார் பீவி சைக்ளோ ரிக்‌ஷாவில் வந்து இறங்கியபோது உச்சிவெயில். சைகோன் துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய்யின் தகரக் கூரைகள் கொதித்துக்கொண்டிருந்தன. போர் முடிந்து ஊர் கைமாறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. யாரோ போட்டது போட்டபடி விட்டுப் போன பழைய வீட்டில் அவளுக்கும், துறைமுகத்தில் மூட்டை இறக்கும் கணவன் ஷம்சுல் ஆலத்துக்கும் மாடியறை ஒன்று கிடைத்திருந்தது. குடிவந்த மாதமே அவளுடைய வலக்கண் ரத்தமாய்ச் சிவந்து, உயிர் போகிற வலி.

வியட்நாமிய டாக்டரம்மா அட்ரோபின் சொட்டு மருந்து கொடுத்திருந்தார். "கண்மணி விரிஞ்சே இருக்கும். வெளிச்சம் கூசும், கிட்டத்தில் இருக்கிறது கலங்கலாத் தெரியும். பயப்படாதீங்க. ஆனா பாதியில நிறுத்தினா கருவிழி உள்ளே ஒட்டிக்கிட்டுப் பார்வை போயிடும்."

மதார் பீவிக்குத் தையல்தான் பிழைப்பு.

படியேறி, மருந்தை விட்டுக்கொண்டு, கூச்சம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தினாள். பலகை இடுக்குகளில் ஊசி ஊசியாய் வெளிச்சம். ஆற்றுச் சேற்றின் வாடை. கீழே தெருவில் யாரோ இருமிக்கொண்டு போனார்கள்.

மூலையில், தண்ணீர்ச் சாடியின் பக்கத்தில், ஒரு ஆள் குந்தியிருந்தான். இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான்.

வலக்கண்ணை மூடினாள். சாடி மட்டும் இருந்தது.

திறந்தாள்.

இருந்தான்.

"மருந்து தலைக்கேறியிருக்கும் புள்ள," என்றான் ஷம்சுல் ஆலம். அவளுக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டாள்.

"வாய் வறளுதா? உடம்பு சுடுதா? பேச்சு குழறுதா?" டாக்டரம்மா விசாரித்தார். எதுவும் இல்லை.

"மூளைக்கு ஏறினா இல்லாத உருவம் தெரியும்தான். ஆனா அது எந்தக் கண்ணை மூடினாலும் தெரியணும். ஒரு கண்ணுக்கு மட்டும்னா..."

மருந்தை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

ஆனாலும் நிறுத்திப் பார்த்தாள். சில நாளில் வலி மண்டையைப் பிளந்தது. பார்வையில் புகை மூடியது. ஊசியின் காது தெரியவில்லை, துணியின் ஓரம் தெரியவில்லை. அழுதபடியே புட்டியை எடுத்து, இமையை விரித்து, தானே சொட்டு விட்டுக்கொண்டாள்.

புகை விலகியபோது அவன் அறையின் நடுவில் குந்தியிருந்தான்.

ஷைத்தானை விரட்ட ஆயத்துல் குர்ஸியை ஓதினாள். அவன் அசையவில்லை. அவன் அசைந்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறை சொட்டு விட்டுக் கண் திறக்கும்போதும் தூரம் மட்டும் குறைந்திருந்தது. பாயின் அந்தக் கோடி. பிறகு பாயின் மேல். விரல்களின் அழுக்கு நகங்கள்கூடத் துல்லியமாய்த் தெரிந்தன.

பிறகு ஒரு மத்தியானம், நடு அறை காலி. பாய் காலி. சாடியின் பக்கமும் காலி.

அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டாள்.

அப்போதுதான் கண்ணுக்கு முன்னால் எதுவோ கலங்கலாய் மறைப்பதைக் கவனித்தாள். தோலின் நிறம். தலையைத் திருப்பினாள். அதுவும் கூடவே வந்தது.

கிட்டத்தில் இருப்பதுதானே கலங்கும்.

"மச்சான்," என்று கிசுகிசுத்தாள்.

இரவு வேலை முடித்துப் படுத்திருந்த ஷம்சுல் ஆலம் எழுந்து உட்கார்ந்தான். "என்ன புள்ள? யாருமில்லையே."

"முகத்துக்கு நேரா இருக்கான்." அவள் உதடு மட்டும் அசைந்தது. "கையை எடுத்துட்டானான்னு தெரியலை."

அவன் அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அந்த அணைப்புக்குள்ளும், அவன் சட்டைக்கும் அவள் கண்ணுக்கும் நடுவே, அது இருந்தது.

மாத முடிவில் கண் தெளிந்தது. டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துச் சிரித்தார். "பிழைச்சீங்க. இனி மருந்து வேண்டாம்." நாளாக ஆகக் கண்மணி சுருங்கியது. கலங்கலும் போனது. வலக்கண்ணுக்கு இப்போது சுவர் தெரிந்தது, சாடி தெரிந்தது, வேறெதுவும் தெரியவில்லை.

ஷம்சுல் ஆலம் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் ஜன்னலை அகலத் திறந்து வைத்து ஊசியை எடுத்தாள். முதல் தடவையிலேயே நூல் ஏறியது. சிரிப்பு வந்தது.

தெருவில் காற்றே இல்லை.

அவளுடைய வலக்கண்ணில், வெதுவெதுப்பாக, மெல்ல, யாரோ ஊதினார்கள். தூசு விழுந்த கண்ணை, பக்கத்தில் இருப்பவர் குனிந்து ஊதிவிடுவார்களே, அப்படி.