காலி வண்டிக்குப் பச்சை விளக்கு

மூன்று நாளாக அந்த ஒரு ஜன்னல் மட்டும் சரியில்லை. இரண்டாம் பெட்டியில் கடைசி இருக்கையை ஒட்டிய கண்ணாடி. எல்லோரும் இறங்கி, கதவுகள் மூடி, உள்ளே ஈ காக்கை இல்லை என்று அவளே பார்த்துவிட்டு வந்த பிறகும், அதன் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படியும், கரையும், மறுபடி படியும். ஏ.சி. கோளாறாக இருக்கும் என்று ரயில் ஷெட்காரர்களிடம் சொல்லிவைத்தாள்.

புறநகர் பாதையின் கடைசி நிலையம் அது. இரண்டே பெட்டி உள்ள குட்டி மின்சார வண்டி. ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் ஈரக் குடையும் வியர்வை நெடியுமாக இறங்கிப் போனதும், பிளாட்பார ஊழியரான இவள் இரண்டு பெட்டிக்குள்ளும் நடந்து, தூங்கிப்போனவர்களைத் தட்டி எழுப்பி இறக்கிவிட்டு, டிரைவருக்குப் பச்சை விளக்குக் காட்ட வேண்டும். பச்சை என்றால் வண்டி காலி. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். பதினோரு வருடத்தில் அவள் ஒருநாளும் பொய்யாகப் பச்சை காட்டியதில்லை.

அவளுக்கு வயிறெரிச்சல் எல்லாம் வேறு விஷயத்தில். வேலை கிடைத்து அவள் தங்கை வீட்டோடு வந்து தங்கி ஆறு மாதம் ஆகிறது. மழை தூறினால் போதும், கணவர் குடையோடு நிலையத்துக்கு வந்து நிற்பார். யாருக்கு? மச்சினிக்கு. "சின்னப் பொண்ணு, நனைஞ்சா சளி பிடிச்சுக்கும்" என்பார். இதே பிளாட்பாரத்தில் பதினோரு வருடமாக நனைகிறவளுக்கு மட்டும் சளி பிடிக்காதாமா? போன மாதம் மஞ்சள் சால்வை ஒன்று வேறு, அவரே தேடிப் பார்த்து வாங்கியது, அதுவும் தங்கைக்குத்தான். தங்கை மேல் ஒரு தப்பும் இல்லை என்பது இவளுக்குத் தெரியும். அதனால்தான் கூடுதலாக எரிந்தது.

அன்று மாலை ஏழு மணி வண்டி வந்தபோது, தகரக் கூரையில் மழை பேச்சே கேட்காத அளவுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் இறங்கிப் போனது. முதல் பெட்டி காலி. இரண்டாம் பெட்டியில் ஈர ரப்பர் வாசனை, யாரோ விட்டுப்போன செய்தித்தாள், கம்பியில் ஆடும் கைப்பிடிகளின் கீச்சொலி. கடைசி இருக்கையில் ஒருத்தி கன்னத்தைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் முடி விழுந்திருந்தது. தோளில் அந்த மஞ்சள் சால்வை.

எழுப்பக் கை நீட்டினாள். தோளுக்கு ஒரு சாண் இருக்கும்போது கை நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் இருட்டில் கிடக்கட்டுமே. வண்டி கழுவ வருகிறவர்கள் எப்படியும் பார்த்துவிடுவார்கள். அதுவரை அவர் குடையும் கையுமாகக் கால் கடுக்க நிற்கட்டும். இறங்கினாள். பச்சை காட்டினாள். வண்டி அவளைக் கடந்து போகும்போது அந்தக் கண்ணாடியில் ஆவி படிவதைப் பார்த்தாள். மனசுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

கணவர் படியிறங்கி வந்தார்.

"அவ இன்னும் வரலீங்க" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"யாரு, சின்னவளா? காய்ச்சல்னு, நீ டியூட்டிக்கு வர்றதுக்கு முன்னாடி நாலரை வண்டியிலயே வந்துட்டாளே. வீட்ல படுத்திருக்கா. அக்கா தினம் நனையறா, போய்க் கூட்டிட்டு வாங்க மாமான்னு அவதான் என்னைத் துரத்திவிட்டா. எனக்கே இத்தனை நாளா தோணாமப் போச்சு. வேலை முடியட்டும், சேர்ந்தே போலாம்."

அவள் ஷெட் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்படியானால் உள்ளே இருந்தது யார்?

ஷெட் பக்கமிருந்து வண்டி திரும்பி வந்துகொண்டிருந்தது. இந்த நேரத்துக்கு வண்டியே கிடையாது. உள்ளே விளக்கும் இல்லை. சத்தமில்லாமல் நின்றது. இரண்டாம் பெட்டியின் கதவு மட்டும் திறந்தது.

"யாரோ தூங்கிட்டாங்க போல. எழுப்பிட்டு வந்துடறேன், இங்கயே இருங்க."

டார்ச் வெளிச்சத்தில் கடைசி இருக்கை வெறுமையாக இருந்தது. தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

கதவு மூடிக்கொண்டது.

கையில் டார்ச் இல்லை. தோளில் ஏதோ கனத்தது. மஞ்சள். இழுத்தாள். வரவில்லை. கண்ணாடியைத் தட்டினாள். சத்தம் எழவில்லை. "என்னங்க!" குரல் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது.

ஆவியைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்தாள்.

பிளாட்பாரத்தில் அவளே நின்றிருந்தாள். அவளுடைய சீருடை. அவளுடைய முகம். ஒரு கன்னம் மட்டும், வெகுகாலம் கண்ணாடியில் அழுந்திக் கிடந்ததுபோல் தட்டையாக இருந்தது. அவள் ஜன்னல் வழியாக நேராக இவளைப் பார்த்தாள். நிதானமாக, ஒழுங்காக, வேலையைச் செய்கிற மாதிரி பார்த்தாள்.

பிறகு விளக்கை உயர்த்தினாள். பச்சை.

அவர் குடையை விரித்தார். அவள் தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டார். அந்த நேரத்திலும் இவளுக்குப் பயத்துக்கு முன்னால் வந்தது வயிறெரிச்சல்தான்.

வண்டி நகர்ந்தது. ஒரே குடைக்குள் இருவரும் படியேறிப் போனார்கள். கண்ணாடியில், உள்ளங்கை அகலத்துக்கு, ஆவி படிந்தது.