இடப்பக்கக் கட்டம்

திங்கட்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்தபோது, புரோகிராம் எழுதும் எடிட்டரில் ஃபைல் பட்டியல் இடது பக்கம் போயிருந்தது. கோட் எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது அங்கேதான் இருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கீதாஞ்சலி அதை வலது பக்கம் மாற்றி ஆறு மாதம் ஆகிறது. எடிட்டர் திரையும் வயல் மாதிரிதான், அவரவர் வசதிக்கு வரப்பை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். அவள் போட்டிருந்தது இப்படி: எழுதும் கோட் நடுவில், ஃபைல் பட்டியல் வலது ஓரம், கட்டளை அடிக்கும் டெர்மினல் வலது பக்கம் கீழே. இடது பக்கம் ஒன்றுமே கிடையாது. அந்த அமைப்புக்கு ‘கீதா’ என்று பெயர் கொடுத்துச் சேமித்தும் வைத்திருந்தாள். எது கலைந்தாலும் ஒரு க்ளிக்கில் பழையபடி வந்துவிடும்.

க்ளிக் செய்தாள். வந்துவிட்டது.

“அப்டேட்டு ஏதாவது ஆயிருக்கும்” என்றான் அவள் கணவன் ராஜவேல், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. அவன் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். கம்ப்யூட்டரில் எது நடந்தாலும் அவனுக்கு அது அப்டேட்டுதான்.

இடது பக்கத்தைக் காலியாக வைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. ஒன்பதாவது படிக்கும்போது, சொந்த ஊரான குன்னத்தில் மக்காச்சோளக் காட்டுக்குள் ஆட்டை விரட்டிக்கொண்டு ஓடியவளுக்குத் தட்டை குத்தி இடது கண் போய்விட்டது. இப்போது அங்கே இருப்பது செயற்கைக் கண். நிறம் அப்படியே பொருந்தியிருந்ததால் புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. வீட்டிலிருந்தபடியே அவள் வேலை பார்க்கும் சென்னை ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. ‘ஒத்தக்கண்ணி’ என்று அவளை யாரும் கூப்பிடாத ஒரே இடம் அந்த ஆபீஸ்தான், அதை விட்டுவிட அவளுக்கு மனசில்லை. வெள்ளிக்கிழமை மதியம் டெமோ. ஆறு மாதமாக எழுதியதை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும். நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம்.

இடது பக்கம் யார் வந்து நின்றாலும் அவளுக்குத் தெரியாது. அதனால் பஸ்ஸில் ஏறினால் இடது வரிசையில் ஜன்னலோரம் பார்த்து உட்காருவாள். ஆலத்தியூர் ரோட்டில் இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்த அன்றைக்கே மேசையை மூலையில் ஒட்டி, இடது தோள் சுவரைப் பார்த்து இருக்கும்படி போட்டுவிட்டாள். நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம். அதில் ஒரு விளக்குமாற்றைச் சாத்தி வைக்கலாம், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை, மொட்டைமாடிக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, திரையின் இடது ஓரத்தில் ஒரு புதிய கட்டம் திறந்திருந்தது. ஒல்லியாக, உள்ளே ஒன்றும் இல்லாமல். மூடினாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் மறுபடியும் இருந்தது. கூட வேலை பார்க்கும் நர்மதாவுக்கு போன் போட்டாள்.

“மொத்தமா ரீசெட் குடுத்துட்டு உன்னோடத திரும்ப ஏத்திக்க. எனக்கும் ஒரு தடவ ஆச்சு” என்றாள் நர்மதா. “ஆமா, நீ ஏன் எல்லாத்தையும் ரைட்லயே அடுக்கி வச்சிருக்க? பாக்கவே ஒரு மாதிரி இருக்குப்பா.”

“பழகிடுச்சு” என்றாள் கீதாஞ்சலி.

ரீசெட் கொடுத்தாள். ‘கீதா’வைத் திரும்ப ஏற்றினாள். சாயங்காலம் வரைக்கும் கட்டம் வரவில்லை. அவளுக்குத்தான் வேலை ஓடவில்லை. பத்து வரி எழுதுவதற்குள் நாலு தடவை ஓரத்தைப் பார்த்தாள், இரண்டு தடவை எழுந்து போய் அடுப்பை அணைத்தோமா என்று பார்த்தாள். இரண்டு தடவையும் அடுப்பு அணைந்துதான் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் ஜன்னல் கம்பிகள் அதிர்ந்து அடங்கிய நேரத்தில், மின்விசிறிக் காற்றிலும் போகாத ஒரு பச்சை வாசனை அந்த மூலையில் வந்து நின்றது. கையில் கசக்கினால் வருமே, அந்தச் சோளத்தோகை வாசனை. சித்திரை மாதத்தில், சுற்றிலும் காடெல்லாம் காய்ந்து கிடக்கும்போது, எங்கே இருந்து வரும் என்று யோசித்துக்கொண்டே டைப் செய்தவளுக்குத் திரையின் இடது ஓரத்தில் ஏதோ நகர்கிற மாதிரி இருந்தது. தலையைத் திருப்பினாள். கட்டம் இருந்தது, நேற்றைவிட அகலமாக. அதற்குள் அவள் எழுதிக்கொண்டிருந்த அதே ஃபைல் திறந்திருந்தது.

திரும்பவும் தன் பக்கம் பார்த்து எழுதினாள். ஓரத்தில் வரிகள் மேலே ஏறின. ஒரு வரி, கொஞ்சம் நேரம் விட்டு இன்னொரு வரி, ஒருவர் நிதானமாகப் படித்துக்கொண்டே போகிற வேகத்தில். அவள் திரும்பினால் நின்றது. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து பார்த்தாள். அப்போதும் வரிகள் ஏறின. திரை பாதியாகப் பிரிந்திருந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தால் எப்படிப் பிரிப்பார்களோ அப்படி.

கீதாஞ்சலிக்குப் பயமாக இருந்தது. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. வெயில் பட்ட சுவர் சூடாகத்தானே இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை.

வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்த ராஜவேல், செருப்பைக் கழற்றியவன் வாசலிலேயே நின்றான்.

“என்ன கீதா, சொவத்தப் பாத்துகிட்டே டைப் பண்ற?”

அவள் சட்டென்று தலையை நேராக்கினாள். கழுத்தில் சுளீர் என்று வலித்தது. காலையிலிருந்தே அந்த வலி இருந்தது, தலையணை சரியில்லை என்று நினைத்திருந்தாள்.

“திரையத்தான் பாத்தேன்.”

“இல்லம்மா, முழுசா அந்தப் பக்கம் திரும்பியிருந்த. கன்னம் சொவத்துல இடிக்கிற மாதிரி.” அவன் பக்கத்தில் வந்து அந்த ஒரு சாண் இடைவெளியை எட்டிப் பார்த்தான். “வேணும்னா டேபிள எடுத்து நடுவுல போட்டுத் தரேன். இங்க காத்தே வரல.”

நடுவில் போட்டால் இடது பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். “வேண்டாங்க, நாளைக்கு டெமோ முடியட்டும்” என்றாள். அவன் போய் முகம் கழுவிக்கொண்டு டீ போட்டான். அவள் திரையைப் பார்த்தாள். அவளுடைய கோட் நடுவில் இல்லை. அது எப்போது இடது பாதிக்குப் போனது என்று தெரியவில்லை. நாள் முழுக்க அவள் அதைப் பின்தொடர்ந்து தலையைத் திருப்பிக்கொண்டே போயிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. ராஜவேல் வேலைக்குப் போயிருந்தான். மீட்டிங்கில் பன்னிரண்டு பேர். டீம் லீட் சுதர்சன் அவளை அறிமுகப்படுத்திவிட்டு, “ஸ்க்ரீன் ஷேர் பண்ணுங்க கீதாஞ்சலி” என்றார். கேமராவை அணைத்துவிட்டுத் திரையைப் பகிர்ந்தாள்.

“கொஞ்சம் லேஅவுட் சரி பண்ணிக்கங்க. எல்லாம் லெஃப்ட்ல ஒதுங்கிக் கெடக்கு” என்றார் சுதர்சன்.

“சாரி சார், ஒரு நிமிஷம்.”

‘கீதா’வை க்ளிக் செய்தாள். வலது பக்கக் கட்டம் சுருங்கியது. மறுபடி க்ளிக். இன்னும் சுருங்கியது. ரீசெட். திரும்ப ஏற்று. ஃபைல் பட்டியல் இடது பக்கம் போனது. டெர்மினலும் போனது. அவள் பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு வெற்றுக் கறுப்பு மட்டும் மிச்சம் இருந்தது. கோட் முழுக்க இடது ஓரத்தில். அவள் மூக்கு மறைக்கிற இடத்தில். திரும்பினால்தான் தெரியும்.

“கீதாஞ்சலி? இருக்கீங்களா?”

“இருக்கேன் சார்.”

பச்சை வாசனை. இடது காதோரம் சூடாக ஒரு மூச்சு. ஃபேன் காற்று இல்லை. ஃபேன் வலது பக்கம் இருந்தது. மூச்சு வந்தது, நின்றது, வந்தது. கழுத்து தானாகத் திரும்ப முயன்றது. அவள் திருப்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

முடியவில்லை.

பயம் வந்தால் அவளுக்கு ஒரு உள்ளங்கை போதும். வலது கண்ணைப் பொத்திக்கொண்டால் உலகம் மொத்தமாக அணைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் யாராவது கேலி செய்தால் அப்படித்தான் செய்வாள். இப்போதும் கையைத் தூக்கிப் பொத்தினாள்.

இருட்டவில்லை.

பதினாறு வருடமாக எதையும் பார்க்காத பக்கத்தில் வெளிச்சம் இருந்தது. ஒரு கன்னம் தெரிந்தது. மிகப் பக்கத்தில். வியர்வையில் ஒட்டிய முடி. ஒரு காது, அதில் கல் கம்மல். காதுக்கு மேல் ஹெட்செட் பட்டை. அந்தக் கன்னத்துக்கு அப்பால், கண்ணைப் பொத்தியிருந்த ஒரு கை.

அவள் கை.

சுவர் பக்கத்திலிருந்து, ஒரு சாண் தூரத்திலிருந்து, அவள் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்க முயன்றாள். அந்தக் கை அசையவில்லை. கத்த முயன்றாள்.

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. படபடவென்று, தடங்கலே இல்லாமல்.

“ஆ, இப்ப சரியா வந்துடுச்சு. சூப்பர், கன்டினியூ பண்ணுங்க” என்றார் சுதர்சன்.

“தேங்க் யூ சார்” என்றது அவள் குரல், சுவர் ஓரத்திலிருந்து. தெளிவாக, தயங்காமல், முதல் பக்கத்திலிருந்து விளக்கத் தொடங்கியது. அவள் பார்த்துக்கொண்டிருந்த முகத்தில் உதடுகள் மூடியே இருந்தன.