பாரிஸில் காவின் எழுதிய லெப்பை

மழை அன்றைக்குக் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொண்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. ரிவர்ஸ்டன் மலையில் மழைக்கு ஏது மரியாதை... பனியோடு பனியாக வந்து, பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற நிஷ்மியாவையும் அவளுடைய மாணவர்களையும் தலையோடு நனைத்து, பக்கத்திலிருந்த கெஸ்ட் ஹவுஸுக்குள் விரட்டிவிட்டது.

நிஷ்மியா மாத்தளை டவுனில் பிரெஞ்சு படிப்பிக்கிறாள். ஹோட்டல் வேலைக்கும், ஸ்பைஸ் கார்டன்களில் வெள்ளைக்காரர்களுக்கு மிளகையும் கராம்பையும் காட்டி விளக்கம் சொல்கிற வேலைக்கும் போகிற பிள்ளைகள் அவளிடம் வருவார்கள். வந்தவர்கள் எல்லோரும் பிளேன்டீ கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, அவளுடைய கண் மட்டும் சுவரோரத்து அலுமாரியில் போய் ஒட்டிக்கொண்டது. அலுமாரி முழுக்கப் பிரெஞ்சுப் புத்தகங்கள்! மலையேற வந்தவர்கள் பாரம் குறையட்டும் என்று விட்டுப்போனவை. காதல், பிரிவு, பட்டினி கிடந்து படம் வரைந்தவர்களின் வாழ்க்கை... அவளுக்கு வாய் ஊறியது.

“இந்தப் புத்தகமெல்லாம் யார்டது நானா?”

முன்பின் தெரியாத ஆண்களை எங்கள் பக்கத்து முஸ்லிம் பெண்கள் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். அதை வைத்து ஒன்றும் கணக்குப் போட வேண்டாம்.

தேத்தண்ணித் தட்டோடு போய்க்கொண்டிருந்தவன் நின்றான். மெல்லத் திரும்பினான். பெரிய கண்கள்... மழைக்கு முந்திய வானம் போலக் கறுத்த கண்கள். அந்தக் கண்கள் அவளுடைய நனைந்த முக்காட்டையோ, இமையில் நின்ற மழைத்துளியையோ பார்க்கவில்லை. அவள் இன்னொரு தரம் பேசுவாளா என்று காத்துக்கொண்டிருந்தன.

“நீங்கதானே அந்த வொய்ஸ் டீச்சர்?” என்றான். “பாரிஸ்ல காவின் எழுதின லெப்பை யாரு? அதை மட்டும் சொல்லிட்டு டீ குடிங்க.”

நிஷ்மியாவின் காது இரண்டும் சூடாகிவிட்டன.

விஷயம் இதுதான். அவள் வாசிக்கிற பிரெஞ்சு நாவல்களை, பின்னேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொல்லி, வாட்ஸ்அப்பில் வொய்ஸ் போடுவாள். முதலில் அவளுடைய சாச்சிமாருக்காகத் தொடங்கியது. இப்போது உக்குவளை, நாலந்தா என்று எங்கெங்கோ இருக்கிற பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டே கேட்கிறார்கள். போன வருஷம் ஒரு நாவல் சொன்னாள். பகலில் கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதி, மற்ற நேரமெல்லாம் படம் வரைகிற ஒரு பரதேசி ஓவியன். தொப்பிக் கடையில் வேலை செய்கிற ஒருத்தி அவனைக் காதலித்தாள். குளிர்காலத்தில் அவன் நோயில் விழுந்தான். அவ்வளவுதான், கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குத் தாங்கவில்லை. அவன் கதையில் வருகிறவன் என்று அவர்களுக்குத் தெரியாமலில்லை. தெரிந்துகொண்டே அவன் சுகத்துக்காக யாசீன் ஓதினார்கள். ஒருத்தி கஞ்சி காய்ச்சி அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கிட்டாள்.

புத்தகத்தில் அவனுக்குச் சுகமாகத்தான் செய்தது. சுகமான கையோடு இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு தெற்குப் பக்கம் போனவன், திரும்பிப் பார்க்கவே இல்லை. இதை எப்படிச் சொல்வது? யாசீன் ஓதிச் சுகமானவன் இப்படிச் செய்தான் என்று எந்த வாயால் சொல்வது? நிஷ்மியா அவனைத் திரும்பவும் கூட்டிவந்தாள், அழவைத்தாள், மன்னிப்புக் கேட்கவைத்தாள். கேட்டவர்களின் சந்தோஷத்தில் அவளுக்கும் தலைகால் புரியாமல், கல்யாணம் முடித்து, லெப்பையை வைத்துக் காவினும், அதாவது நிக்காஹ் பதிவும், எழுதிவைத்துவிட்டாள்.

“அந்தப் புத்தகம் இந்த அலுமாரியிலயும் இரிக்கு,” என்றான் அவன். பெயர் றினோஸ். பாரிஸில் சில வருஷம் ஹோட்டல் குசினியில் சமையல் வேலைக்கு நின்றவன், அங்கேதான் மொழி படித்தான். இப்போது இந்த கெஸ்ட் ஹவுஸைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். உம்மா உக்குவளையில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குப் போனால் குசினியில் இவளுடைய குரல்தான் கேட்குமாம்.

கதைதானே நானா, கேட்கிறவர்கள் சந்தோஷப்பட்டால் யாருக்கு என்ன குறைந்துபோய்விடும் என்று நிஷ்மியா மெல்லச் சண்டைக்குப் போனாள். அவன் தட்டை மேசையில் வைத்தான். குரலை உயர்த்தவில்லை... அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

பாரிஸில் அவனுக்கும் ஒருத்தி இருந்தாள். நம் நாட்டுப் பிள்ளைதான், அங்கேயே வளர்ந்தவள். வீட்டில் கல்யாணம் பேசி முடித்த பிறகு, மாத்தளைக்கு வந்து வாழ முடியாது என்று சொல்லி விலகிக்கொண்டாள். அவன் அழுதான், தேறினான், ஊருக்கு வந்தான். அவனுக்கு அது முடிந்த கதை. உம்மாவுக்கு முடியவில்லை. அந்த ஓவியன் திரும்பி வந்த நாளிலிருந்து, அந்தப் பிள்ளையும் திரும்பி வருவாள் என்று உம்மா நம்பிக்கொண்டிருக்கிறார். மகனுக்கு வந்த கல்யாணப் பேச்சுக்காலையெல்லாம் திருப்பி அனுப்புகிறார். அறைக்குப் புதுத் திரை தைத்துப் போட்டிருக்கிறார். தொழுதுவிட்டு அந்தப் பிள்ளைக்காகக் கையேந்துகிறார்.

“உங்கட பொய்க்குள்ள எங்கட உம்மா குடியிருக்கிறாங்க டீச்சர்,” என்றான்.

 நிஷ்மியாவுக்கு அழுகை வந்தது, விழுங்கினாள். அலுமாரியிலிருந்து மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்து அவன் நீட்டினான். இது நாவல் இல்லை, நடந்தது. ஓவியர்களுக்கு முன்னால் அசையாமல் நின்று பிழைத்த ஒருத்தி, வயதான பிறகு தன் காதலைப் பற்றித் தானே எழுதியது. இதைச் சொல்லுங்கள் பார்ப்போம், உள்ளதை உள்ளபடி, என்றான்.

“சொல்லத்தான் போறேன்,” என்றாள் நிஷ்மியா. டீயைக் குடிக்காமலே போய் பஸ்ஸில் ஏறினாள். ரோஷக்காரி!

ஆனால் பாருங்கள், ரோஷத்தோடு வாசிக்கத் தொடங்கிய புத்தகம் அவளைச் சும்மா விடவில்லை. அந்தப் பெண்ணின் ஓவியன் கடலோர ஊரொன்றுக்குப் போனான், வந்துவிடுகிறேன் என்றான். அவள் ஞாயிறுதோறும் ஸ்டேஷனுக்குப் போய் நின்றாள். ஒவ்வொரு பகுதியையும் சொல்லி முடித்ததும், உம்மாவின் போனிலிருந்து அவளுடைய நம்பரை எடுத்திருந்த றினோஸிடமிருந்து மெசேஜ் வந்தது. முதலில் குற்றம் பிடித்தான். பாரிஸில் அந்தச் சந்தை அப்படி இருக்காது, நான் அதன் வாசலால்தான் வேலைக்குப் போனேன் என்பான். நீங்கள் வந்து வொய்ஸ் போடுங்களேன் என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். போகப் போகக் குற்றம் குறைந்தது... தொண்டை கட்டியிருக்கிறதே, கொத்தமல்லி குடித்தீர்களா என்று வரத் தொடங்கியது. அவள் அவனை நானா என்று எழுதுவதை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. வாப்பாவின் வாசனைச் சரக்குக் கடையில் போய் உட்கார்ந்தால், வருகிறவர்கள் ஏலம் கேட்க இவள் சாதிக்காயை எடுத்துக் கொடுத்தாள். இந்த நோய்க்கு என்ன பெயர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிப் பகுதி வந்தது. பெண்கள் மறுபடியும் துஆவில் இறங்கியிருந்தார்கள். எப்படியாவது அவனைக் கூட்டிவாருங்கள் டீச்சர் என்று வொய்ஸுக்கு மேல் வொய்ஸ். கூட்டிவருவதா கஷ்டம்? ஒரு ரயில், ஒரு அழுகை, ஒரு காவின்... பழகிய கைதானே. அதோடு இன்னொரு பயமும் அவளைப் பிடித்துக்கொண்டது. உண்மையைச் சொல்லி, றினோஸின் உம்மா நூருன்னிஸா மாமி காத்திருப்பதை விட்டுவிட்டால்? அடுத்த நாளே மகனுக்குப் பெண் தேடத் தொடங்குவார். அந்தப் பெண் நிஷ்மியாவாக இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது! பொய் சொன்னால் அவன் தனியாகவாவது இருப்பான், உண்மை சொன்னால் யாருக்கோ போய்விடுவான்.

போனைக் கையில் எடுத்தாள். பிறகு, போனால் போகட்டும் என்று பட்டனை அழுத்தினாள்.

அந்த ஓவியன் வரவில்லை என்று சொன்னாள். கடைசிவரை வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் ஸ்டேஷனுக்குப் போகாமல் சந்தைக்குப் போனாள். நல்ல மீனாகப் பார்த்து வாங்கினாள். சமைத்தாள், ஆறுதலாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அதற்குப் பிறகு நிறைய வருஷம் வாழ்ந்தாள், சிரித்தாள். வேறொருவரைக் கட்டினாளா என்று அவள் எழுதவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை என்று முடித்தாள். போன நாவலின் ஓவியனும் உண்மையில் திரும்பி வரவில்லை, அவனைக் கூட்டிவந்தது நான்தான், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்தாள். அந்த இடத்தில் குரல் உடைந்தது. உடைந்ததை அழித்துத் திரும்பப் பேசவில்லை, அப்படியே அனுப்பினாள்.

பேரழிவுதான். சிலர் குழுவை விட்டே போனார்கள். ஒருத்தி, எங்களை அழவைக்கத்தானா இவ்வளவு நாளும் கதை சொன்னாய் என்று கேட்டாள். றினோஸிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த நாள் நூருன்னிஸா மாமி அவளுக்குப் போன் எடுத்தார். 

“அந்தப் பொம்புள மீன் வாங்கித் திண்டாவே, அதைக் கேட்டு நல்லா அழுதேன் மகள். பாரிஸ்ல இரிக்கிறவளும் வரமாட்டா, என்ன?”

“வரமாட்டாங்க மாமி.”

மாமி மூக்கை உறிஞ்சினார். பிறகு குரலைத் தேற்றிக்கொண்டு, இனி மகனுக்கு ஒரு நல்ல பிள்ளை பார்க்க வேண்டும், நாலு இடம் தெரிந்தவள் நீ, யாராவது இருந்தால் சொல்லேன் என்றார். நிஷ்மியா கண்ணை மூடினாள். பயந்தது வந்தே விட்டது... ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது அழுகை இல்லை.

“ஆள் இரிக்கு மாமி. ஆனா மொதல்ல நான் அவர்ட்ட கேக்கணும்.”

யாரிடம் என்று மாமி கேட்பதற்குள் போனை வைத்துவிட்டு, ரிவர்ஸ்டன் பஸ்ஸுக்கு ஓடினாள். எங்கள் ஊரில் இந்தப் பேச்சையெல்லாம் பெரியவர்கள்தான் பேச வேண்டும். பெரியவர்கள் பேசட்டும், அது இரண்டாவது. அவன் மனதை அவனிடம்தானே கேட்க முடியும்?

தூறலில் வாசலில் வந்து நின்றவளைக் கண்டதும் றினோஸ் எழுந்தான். உள்ளே வாருங்கள் என்றான். அவள் படியேறவில்லை. ஏறினால் தைரியம் போய்விடும்.

“மாமி உங்களுக்குப் பொண்ணு தேடுறாங்க,” என்றாள். “எனக்கு உங்களைப் பிடிச்சிரிக்கு. உங்களுக்கும் பிடிச்சிரிந்தா எங்கட வாப்பாட்ட வந்து பேசுங்க. இல்லாட்டி இப்பவே இல்லண்டு சொல்லுங்க. அழுவேன், ஆனா காத்துக்கொண்டு இரிக்க மாட்டேன்.”

அந்தக் கறுத்த கண்கள் நிறைந்தன. ராத்திரி முழுக்க என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதி எழுதி அழித்தேன் என்றான். ஒருத்தியிடம் தோற்று வந்தவன் நான், உங்களிடம் கேட்க எனக்கு என்ன தகுதி என்று நினைத்தேன் என்றான்.

“வெள்ளிக்கிழமையில மட்டும் வீட்டுக்குப் போன ஆள், உங்கட கொரலுக்காக இப்ப தினமும் உக்குவளைக்கு இறங்குறேன் நிஷ்மியா. உம்மா நான் அவங்களைப் பாக்க வாறேண்டு நினைச்சுக்கொண்டிரிக்கிறாங்க.”

அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். அவன் உள்ளே ஓடி பைக் சாவியை எடுத்துவந்தான். வாப்பா இப்போது கடையில் இருப்பாரா என்று கேட்டான். இப்பவேயா என்று அவள் திகைத்தாள். நீங்கள்தானே காத்திருக்க மாட்டேன் என்றீர்கள் என்றான். ஆனால் ஒன்றாகப் போய் இறங்கினால் ஊர் பேசும், அதனால் அவள் பஸ்ஸில் போவது, அவன் பைக்கில் பின்னால் வருவது என்று முடிவாகியது.

பஸ் வளைவு வளைவாக இறங்கியது. நிஷ்மியா கடைசி சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். மழை அவனை ஒரு பாடு படுத்தியது. அவன் பின்வாங்கவில்லை.

ரத்தோட்டையில் பஸ் நின்றபோது, சொட்டச் சொட்ட ஜன்னலோரம் வந்து நின்றான்.

“வாப்பாட பேர் என்ன? போய் ஸலாம் சொல்லி என்னண்டு கூப்பிடுறது?”

“அப்துல் ஸமத். ஆனா நீங்க மாமாண்டே கூப்பிடுங்க,” என்றாள் நிஷ்மியா.

முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். அவள் வெட்கப்பட்டாள், ஆனாலும் ஜன்னலை மூடவில்லை.