மல்பெரி மரத்து லாடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மல்பெரி மரத்தடியில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்குப் பெரியவரான துடோராக்கே குர்கு, வயது எழுபத்திரண்டு. அவருடைய மகள் வேத்தா. அவருடைய மகன் வழிப் பேத்தி ஸ்மராந்தா, வயது பத்து. வேலிக்கு அந்தப் பக்கம், தோளில் வைக்கோல் கூடையோடு, அடுத்த வீட்டுப் பனாயிட். உர்சு என்ற நாயும் இருந்தது. ஆனால் அது தூங்கிக்கொண்டிருந்தது, சாட்சியில் சேராது.

இந்த நால்வரைத் தவிர வேறு யாராவது, "நானும் அங்கே இருந்தேன்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

மல்பெரி மரத்தில், வீட்டுக் கூரையின் விளிம்புக்கும் மேலே, ஒரு குதிரை லாடம் அடித்திருந்தது. துடோராக்கேயின் அப்பா யொர்தாக்கே அடித்த லாடம். ஐம்பத்து நான்காம் வருடம் பிப்ரவரி மாதம் பெரும்பனி பெய்து, வீடுகளெல்லாம் மூடிப்போனபோது, பனி எதுவரை ஏறியது என்று காட்ட அதை அடித்தார். ஏணி வைத்து அல்ல. பனியின் மேலேயே நின்று, குனிந்து அடித்தார்.

அதற்கு இப்போது அறுபது வருடம் ஆகிவிட்டது. வரும் சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் அந்தப் பனியை நினைவுகூரும் கூட்டம். பார்த்தவர்கள் எழுந்து பேச வேண்டும். துடோராக்கே பேசப் போகிறார். லாடத்தின் உயரத்தைச் சபையில் சொல்லப் போகிறவள் ஸ்மராந்தா.

நீளக் கம்பின் நுனியில் நூலைக் கட்டி அவள் அளந்து முடித்தாள்.

"மூணு மீட்டர் அறுபது, தாத்தா!"

"தெளிவா எழுதிக்கோ" என்றார் துடோராக்கே. "குளிரையும் சொல்லணும். கிணத்துல வாளியை விட்டா, தண்ணி மேல இடிச்சு மணி மாதிரி 'டங்'குனு கேட்கும். ரொட்டியை ரம்பத்தாலதான் அறுத்தோம். எங்கப்பா வெளியில போனா சிரிக்கவே மாட்டார்."

"ஏன் தாத்தா?"

"மீசை உறைஞ்சிருக்கும். சிரிச்சா உடைஞ்சிடுமாம்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது.

"மூணு அறுபதா? ஏண்ணே, இதைச் சபையிலயா சொல்லப் போறீங்க?"

துடோராக்கே திரும்பினார். தலை மட்டும் திரும்பவில்லை, ஆளே திரும்பினார். அவர் முதுகு அப்படி. "சொன்னா உனக்கென்ன, பனாயிட்?"

"உங்கப்பா இடுப்பு உயரத்துலதான் அடிச்சிருப்பாரு. மரம் வளர்ந்துச்சு; லாடத்தையும் மேல தூக்கிட்டுப் போயிடுச்சு. இன்னும் இருபது வருஷம் போகட்டும், பனி மேகத்தைத் தொட்டுச்சுன்னு சொல்லுவீங்க!"

வேத்தா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது, பாவம்.

"நான் பக்கத்துல நின்னு ஆணி எடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு வயசு எனக்கு."

"பன்னிரண்டு வயசுல எனக்கும் எல்லாமே பெரிசாத்தான் தெரிஞ்சுது அண்ணே."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"ஐயையோ! நீங்க எங்க சொன்னீங்க? மரம்தான் சொல்லுது!"

துடோராக்கே லாடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நல்ல கேலிக்குக் கால் நான்கு. மறுநாள் காலையில் ரொட்டிக் கடையில் ஒருவர், "குர்கு வீட்டு மரம் நல்லா இருக்கா? இன்னும் பொய் சொல்லுதா?" என்று ஸ்மராந்தாவிடம் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் ரொட்டியை வாங்காமலே திரும்பிவிட்டாள்.

அன்று இரவு உணவின்போது துடோராக்கே சொன்னார்: "சனிக்கிழமை நான் போகலை. லாடத்தையும் பிடுங்கிடறேன். ஊர் சிரிக்கிற பொருள் குர்கு வீட்டு மரத்துல இருக்க வேண்டாம்."

"அப்பா! அறுபது வருஷமா இருக்கு!" என்றாள் வேத்தா.

"அறுபது வருஷம் யாரும் சிரிக்கலை. நீளமான ஏணிக்குச் சொல்லியிருக்கேன். வெள்ளிக்கிழமை வரும்."

வேத்தா அன்று இரவே வீட்டிலிருந்த பெரிய இடுக்கியை எடுத்து, முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாயில் போட்டு மூடிவிட்டாள்.

ஸ்மராந்தாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தாத்தா பொய் சொல்ல மாட்டார். அது அவளுக்குத் தெரியும். ஆனால் மரம்? மரம் வளரும்போது லாடத்தைத் தூக்கிக்கொண்டு போகுமா, போகாதா? தாத்தாவைக் கேட்டால் கோபப்படுவார். மரத்தைக் கேட்கலாம் என்றால், அது மெதுவாகத்தான் பதில் சொல்லும். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லி முடிக்காது.

புதன்கிழமை மாலை வழக்கம்போலப் பனாயிட் வீட்டுக்குப் பால் வாங்கப் போனாள். போக மனமில்லை. இருந்தாலும் பாலுக்கும் சண்டைக்கும் சம்பந்தமில்லை என்று வேத்தா அத்தை சொல்லிவிட்டாள்.

பனாயிட் அப்போதுதான் வண்டியை அவிழ்த்துவிட்டு, குதிரையை முற்றத்து வேலமரத்தில் கட்டிக்கொண்டிருந்தார். மரத்தில் ஓர் இரும்பு வளையம் இருந்தது. மரம் பருத்து, வளையத்தின் அடிப்பாகத்தைப் பாதி விழுங்கியிருந்தது.

"என்ன ஸ்மராந்தா, முகம் ஏன் ஊறப்போட்ட முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு? தாத்தா இன்னும் முறைச்சிக்கிட்டு இருக்காரா?"

அவள் வளையத்தையே பார்த்தாள்.

"பனாயிட் தாத்தா, இந்த வளையத்தை யார் அடிச்சது?"

"எங்கப்பா. நான் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம். 'இனிமே குதிரையைக் கட்டறது உன் வேலைடா'ன்னு சொல்லி அடிச்சார்." பனாயிட் சிரித்தார். "அப்போ எனக்கு எட்டவே எட்டாது. கால் விரல்ல நின்னு, கையைத் தூக்கிக் கட்டுவேன். குதிரை என் தொப்பியைக் கடிச்சு இழுக்கும்."

"இப்போ?"

"இப்போ என்ன? தோள் உயரத்துக்கு வசதியா..."

அவர் பாதியில் நின்றுவிட்டார். வளையத்தைப் பார்த்தார். மரத்தின் உச்சியைப் பார்த்தார். அது வீட்டுக் கூரையைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

"நீங்க வளர்ந்தீங்க. மரமும் வளர்ந்துச்சு" என்றாள் ஸ்மராந்தா மெதுவாக. "வளையம் மட்டும் அங்கேயே இருக்கு. மரம் நுனியிலதான் வளரும்போல. இரும்பைத் தூக்கும்னா, நீங்க இப்போ கூரை மேல ஏறித்தான் குதிரையைக் கட்டணும்."

பனாயிட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். குதிரை ஒரு தும்மல் போட்டது.

"தெனமும் ரெண்டு தடவை இதுல கட்டறேன்" என்றார் அவர். "தெனமும் ரெண்டு தடவை!"

அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"எனக்கு அந்தப் பனி ஞாபகமே இல்லை. அஞ்சு வயசு. அதனாலதான் உங்க தாத்தா சொல்றதெல்லாம் பெரிசுபடுத்தறார்னு நினைச்சேன். எனக்கு ஒரு ராத்திரிதான் ஞாபகம் இருக்கு. ரொம்ப நீளமான ராத்திரி. தூங்கி எழுந்தா ராத்திரி. மறுபடி தூங்கி எழுந்தாலும் ராத்திரி. அப்பா வண்டியோட டவுன்ல மாட்டிக்கிட்டார். அம்மாவும் நானும்தான். ஜன்னல் ஒரே இருட்டு."

ஸ்மராந்தா அந்த ஜன்னலைப் பார்த்தாள். அது அவள் தலைக்கு மேலே இருந்தது.

"அது ராத்திரி இல்லை, தாத்தா" என்றாள். "அதுதான் பனி."

பனாயிட் அவளைப் பார்த்தார்.

"அப்போ அந்த ரொட்டியும்..." என்று இழுத்தார். "புகைபோக்கி வழியா ஒரு ரொட்டி கயித்துல இறங்கி வந்துச்சு. அடியில எல்லாம் கரி. யாரு அனுப்பினதுன்னு கேட்டா, வானத்துலேருந்துன்னு அம்மா சொன்னாங்க. அடுத்த வருஷமே அம்மா போயிட்டாங்க. பிறகு நான் அதைக் கனவுன்னே நினைச்சிட்டேன்."

ஸ்மராந்தாவுக்கு உடனே தெருவில் இறங்கி, ரொட்டிக் கடை வரை கத்திக்கொண்டே ஓட வேண்டும்போல இருந்தது. 'தாத்தா சொன்னதுதான் சரி! பனாயிட் தாத்தா சொன்னது தப்பு!' ஆனால் படியில் உட்கார்ந்திருந்த மனிதரின் முகம் ஐந்து வயதுப் பையன் முகம்போல இருந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். "நீங்களே தாத்தாகிட்ட சொல்லுங்க. வெள்ளிக்கிழமை ஏணி வருது."

வியாழக்கிழமை முழுதும் பனாயிட் வீட்டுப் பக்கம் சத்தமே இல்லை. ஸ்மராந்தா பத்துத் தடவையாவது வேலியை எட்டிப் பார்த்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏணி வந்தது. இடுக்கியைக் காணவில்லை. துடோராக்கே வீடு முழுக்கத் தேடினார், பீப்பாயைத் தவிர. கடைசியில் சுத்தியலின் பிளந்த முனையே போதும் என்று ஏணியில் ஏறிவிட்டார். ஸ்மராந்தா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் ஆணியில் சுத்தியல் முனையைக் கொடுத்தார். ஆணி கிரீச்சிட்டது.

"அண்ணே, இறங்குங்க."

பனாயிட் வேலியைச் சுற்றி வரவில்லை. தாண்டியே வந்திருந்தார், கால்சட்டையின் ஒரு காலில் கிழிசல். வந்ததும் ஏணியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் சிரிக்கணுமா உனக்கு?"

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும். எங்க வீட்டுப் புகைபோக்கியில ரொட்டி இறக்கினது யாரு?"

சுத்தியல் நின்றது.

"ரொட்டி அடியில கரி இருந்துச்சு, அண்ணே."

"கரி இருக்காதா?" என்றார் துடோராக்கே மேலிருந்து. "அப்பா கயித்தை என்கிட்ட கொடுத்தார். கை விறைச்சுப் போச்சு. ரொட்டி நெருப்புக்குக் கிட்ட போயிடுச்சு. அடுத்த மூணு நாளும் ஒழுங்காத்தான் இறக்கினேன். அதுக்குள்ள கதவைத் தோண்டி எடுத்திட்டோம்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?"

"செஞ்சதைச் சொல்லிக் காட்டற வழக்கம் எங்க வீட்ல இல்லை."

பனாயிட் அண்ணாந்து பார்த்து, "மரம் பொய் சொல்லலை. நான்தான் உளறிட்டேன்" என்றார். "நாளைக்குச் சபையில முதல்ல நான் பேசறேன். அந்த ஆணியைத் திருப்பி அடிச்சிட்டு இறங்குங்க."

துடோராக்கே கீழே குனிந்து பேத்தியைப் பார்த்தார். அவள் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மேலே மூன்று அடி கேட்டது. டக். டக். டக்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் உட்கார இடமில்லை. பனாயிட் முதலில் எழுந்தார். வேலமரத்து வளையத்தைப் பற்றிச் சொன்னார். தன்னைத் தானே கேலி செய்துகொண்டார். ரொட்டிக் கடைக்காரரே வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அந்த நீளமான ராத்திரியைப் பற்றிச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்மராந்தா எழுந்து, "மூணு மீட்டர் அறுபது" என்றாள். யாரும் அதைக் குறைத்துக் கேட்கவில்லை.

கடைசியில் துடோராக்கே பேசினார். கிணற்று வாளியையும் மீசையையும் பற்றிச் சொன்னார். ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திங்கட்கிழமை வேத்தா பீப்பாயிலிருந்து இடுக்கியை எடுத்துக் கழுவினாள். இன்றைக்கும் அதில் லேசாக முட்டைக்கோஸ் வாசம் வரும்.

கூட்டம் முடிந்ததும் துடோராக்கேயும் பனாயிட்டும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். குர்கு வீட்டார் சபையில் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வேத்தா கொண்டுவந்த ரொட்டியைத் துடோராக்கே பிய்த்தார். கருகிய அடிப்பக்கத்தைப் பனாயிட் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நடந்தது அவ்வளவுதான்.