குழியிலிருந்து வந்த கோரிக்கை

சுகாசினி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து ஒரு நிமிடம் ஆகியிருந்தது. ஆனாலும் திரையில் புதிதாக ஒரு வரி வந்து நின்றது. யாரோ அவளுடைய சர்வருக்குக் கோரிக்கை அனுப்பியிருந்தார்கள். அந்த சர்வர் அவள் மடிக்கணினிக்குள் மட்டும் ஓடுவது, வெளியாள் யாரும் அதைத் தொட முடியாது. இணையத்தைக்கூட அவள் அணைத்துத்தான் வைத்திருந்தாள்.

மணி மூன்றரை. நாலு மணிக்கு இணையத்தைப் போட்டு, இதே மடிக்கணினியில் நேர்காணல். மூன்று மாதமாக ரஸ்ட் என்ற நிரல்மொழியோடு மல்லுக்கட்டி எழுதிய ஏபிஐயை, கோரிக்கை வந்தால் பதில் அனுப்பும் அந்த சர்வர் நிரலை, அதில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

மதியம் கிளம்பும்போது அவள் கணவன் வீரபாகு வாசலில் நின்று எரிந்து விழுந்திருந்தான்.

"இன்னிக்கும் வேலை கெடைக்கலன்னா அந்தப் பொட்டிய வித்துட்டுக் கூலித் தறிக்கு வந்து உக்காரு. தறியக் கழட்டுனா குழிய மண்ணு போட்டு மூடிடணும். நீ கால் தொங்கப் போட்டுக்கினு உக்கார சோக்கா இருக்குதுன்னு மூட வுடமாட்டேன்ற."

"வெறும் குழிதானேங்க. நாலு மணி வரிக்கும் என்னை வுடுங்க."

அவன் கதவை வெளியே பூட்டிக்கொண்டு ஏனாத்தூர்ப் பக்கம் போய்விட்டான்.

நெசவாளி கால் வைத்து மிதிக்கும் அந்தக் குழி கூடத்தின் ஓரத்தில் இடுப்பாழத்துக்கு இருந்தது. அதன் விளிம்பில் கிடந்த பலகையில் உட்கார்ந்து, கால்களை உள்ளே விட்டுக்கொண்டுதான் அவள் படித்தாள். இன்று குழிக்குள்ளிருந்து ஈரமண்ணும் ஊறிய கஞ்சியும் கலந்த ஒரு புளித்த வாடை மெல்ல மெல்ல ஏறி வந்தது. தெருவில் தறிச் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பயிற்சிக்காக அவள் எழுதியது எளிய பதிவேடுதான். வீட்டில் எந்த இடத்தில் யார், ஒரு இடத்துக்கு ஒரே ஆள். பலகை என்ற இடத்தில் தன் பெயரையே போட்டிருந்தாள். சொன்ன வகையில் வராத எதையும் ரஸ்ட் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். திருப்பி அனுப்பும்போது என்ன தப்பு என்று பணிவாக எடுத்துச் சொல்லவும் அவள் எழுதியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

வந்த கோரிக்கை வெறுமையாக இருந்தது. அவள் எழுதி வைத்த பதில் தானாகப் போனது: *பெயர் வேண்டும்.*

அடுத்த வரி. பெயர்: 7.

*பெயர் எழுத்தாக இருக்க வேண்டும்.*

அவள் சர்வரை நிறுத்தினாள். வரிகள் நிற்கவில்லை.

பெயர்: சுகாசினி.

*இடம் வேண்டும்.*

பாதத்தில் ஏதோ சில்லென்று பட்டது. குனிந்து பார்த்தாள். குழித்தரையின் ஈரமண்ணில் இரண்டு காலடிகள் பதிந்திருந்தன. விரல்கள் அவளைப் பார்த்து இருந்தன. அவள் கால் அந்தத் தரையைத் தொட்டதே இல்லை.

வெடுக்கென்று கால்களை மேலே இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் புத்தியில் உறைத்தது. அது தப்புத் தப்பாகக் கேட்டது. உள்ளே வர வழி சொல்லிக் கொடுத்தது அவள்தான்.

இடம்: பலகை.

*அங்கே ஆள் இருக்கிறார். முதலில் அவரை நீக்கவும்.*

"வேணாம்," என்றாள். மடிக்கணினியை அறைந்து மூடினாள். மூடிக்குக் கீழே விசைகள் தட்டும் சத்தம். ஒன்று. இன்னொன்று.

இருட்டு.

முதுகில் ஈரமண். கை அசையவில்லை. வாய் திறக்கவில்லை. தலைக்கு மேலே நீள்சதுரமாய்க் கொஞ்சம் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் இரண்டு கால்கள் தொங்கின. விரலில் அவளுடைய மெட்டி.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க, சுகாசினி," என்றது மடிக்கணினியில் ஒரு ஆண் குரல்.

"சொல்றேன் சார்." அது அவளுடைய குரல்.

கேள்விகள். பதில்கள். எல்லாம் சரியான பதில்கள். சிரிப்பு. பிறகு, பூட்டுத் திறக்கும் சத்தம்.

"இன்னா ஆச்சு?" வீரபாகு.

"கெடைச்சிடுச்சுங்க."

"நெஜமாவா! நான்கூட இன்னான்னவோ சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதம்மா."

"இல்ல, நீங்க சொன்னது சரிதான். இந்தக் குழிய இப்பவே மூடிடலாம்."

கால்கள் மேலே எழுந்து போயின. வீரபாகு குழிக்குள் எட்டிப் பார்த்தான்; அவன் கண்ணுக்கு அவள் தட்டுப்படவில்லை. மண்வெட்டி தரையில் உரசியது. முதல் மண் அவள் திறந்த கண்ணில் விழுந்தது.