அடிக்கை

இளையவள் ஊசியைத் துணிக்குள் இறக்கினாள். அதை வாங்கிக்கொள்ள இடது கையைச் சட்டத்துக்கு அடியில் கொண்டுபோவதற்குள், முனை மறுபடி மேலே வந்து நின்றது.

கூடத்தை அடைத்துக் கிடந்த மரச்சட்டத்தில் நாலாபக்கமும் கயிறு கோத்து இழுத்துக் கட்டிய துணி அது. குதிரைகளும் மயில்களும், கைகோத்து ஆடும் பெண்களுமாக ஒரு பெரிய சுவர்த்திரை. தரையில் உட்கார்ந்து, கால்களைச் சட்டத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டு, மேலே ஒரு கையும் கீழே ஒரு கையுமாக ஊசியை மாற்றி மாற்றி வாங்க வேண்டும்.

"அக்கா, ஊசியை நீங்களா தள்ளுனீங்க?"

எதிரே உட்கார்ந்திருந்த மூத்தவள், இளையவள் புருஷனுடைய அண்ணன் மனைவி, டீ டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். "என் பக்கத்துக்கே எனக்குக் கை பத்தல. இதுல உன் பக்கம் வேற வந்து தள்ளுவேனா? தூங்கி வழியாதடி."

இருவரும் சிரித்தார்கள். அண்ணனும் தம்பியும் வெளியூர் வேலைக்குப் போனபிறகு அந்த வீட்டில் சிரிக்க அவர்கள் இருவர்தான்.

மூத்தவளின் கண்ணில் புகை படர்ந்துகொண்டிருந்தது. இது இளையவளுக்கு மட்டும்தான் தெரியும். துணி கொடுக்கும் கடைக்கார அம்மாவுக்குத் தெரிந்தால் வேலையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். அதனால் மூத்தவளின் கோணல் தையல்களை, அவள் சமையலறைக்குப் போகும் நேரம் பார்த்து, இளையவள் சத்தமில்லாமல் பிரித்துத் தைத்து வைப்பாள். இப்போது குனிந்து பார்த்தபோதுதான் உறைத்தது. கொஞ்ச நாளாகவே பிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. மூத்தவளின் பக்கத்துத் தையல், அரிசியை வரிசையாக அடுக்கிவைத்ததுபோல அத்தனை ஒழுங்காக இருந்தது.

மறுநாள் வேண்டுமென்றே இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். துணியில் பாதி இறங்கி நின்றிருந்த ஊசி மெல்ல உள்ளே போனது. நூல் சரசரவென்று பின்னாலேயே ஓடி, ஒரு கணம் விறைத்து நின்று, அடுத்த இழையில் வெள்ளி மினுங்க முனை எழுந்தது. யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். நெடுநாள் பூட்டிக்கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த ஈரத்துணி வாடை, முழங்காலிலிருந்து மேலே ஏறியது. குனிந்து அடியில் பார்த்தாள். நூல் துணுக்குகள். மூத்தவளின் கால் மெட்டி. அவ்வளவுதான்.

"அக்கா... இது தானா வருது."

மூத்தவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு, "எனக்கும்தான்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"துணி கட்டுன நாள்லேர்ந்து. மொதல்ல நீதான்னு நெனச்சேன். அப்புறம் நீ இல்லாதப்பவும் வந்துச்சு. கேக்கல. கேட்டா நின்னுடுமோன்னு பயம்."

"யாருக்கா அது?"

"யாரா இருந்தா என்ன? கை குடுக்குதுல்ல. உன் புருஷனும் என் புருஷனும் குடுக்காத கை." இதையும் சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் குரல் உடைந்தது. "இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு நான் வேற எங்கடி போவேன்?"

இளையவள் கால்களைச் சட்டத்துக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

அதன்பின் அவள் தன் இடது கையை அடியில் விடவே இல்லை. ஒருநாள் மாலை, வெளிச்சம் மங்கி, தெருவில் பிள்ளைகளின் கூச்சல் ஓய்ந்த நேரம், கைதவறி விழுந்த நூல்கண்டை எடுக்கச் சட்டத்துக்கு அடியில் துழாவினாள். ஒரு உள்ளங்கை அவள் உள்ளங்கையில் வந்து படிந்தது. குளிர்ந்து, மெத்தென்று, ஊறிப்போன தோலாக. அது அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவியது. அவசரமே இல்லை. கடையில் துணியின் தரம் பார்க்கிறவர்களைப் போல. பிறகு, வேண்டாமென்பதுபோல விட்டுவிட்டது.

அப்படி விட்டுவிட்டதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. தன்னை வேண்டாமென்றால், யாரை?

"துணியை அவுத்துடலாம்க்கா. கடைக்கே திருப்பிக் குடுத்துடலாம்."

"துணி மேல கை வெச்சே, உன்கூட பேச மாட்டேன்."

மறுநாள் பகலிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காயப்போட்ட துணிகளை எடுக்க மூத்தவள் கொல்லைப்பக்கம் போனாள். இளையவள் கத்திரிக்கோலை எடுத்தாள். முதல் கயிறு. அடுத்தது. கயிறுகள் பட்பட்டென்று தெறித்தன. கடைசிக் கயிறு அறுந்தது.

துணி தரையில் விழவில்லை.

ஓரங்கள் மட்டும் தொங்கின. நடுவில் நின்றது. மெல்லத் தணிந்து, எதன் மேலோ படிந்தது. முழங்கால்கள். தோள்கள். குனிந்திருந்த ஒரு தலை.

அது நிமிர்ந்தது.

இளையவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கத்திரிக்கோல் எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை.

கொல்லைக் கதவு திறந்தது. மழைத்துளி படிந்த முகத்தைத் துடைத்தபடி மூத்தவள் வந்தாள். கண்ணைச் சுருக்கிக் கூடத்தைப் பார்த்தாள். சுவரோரம் பார்க்கவில்லை. நடுவில் பார்த்தாள்.

"அடி, ஏண்டி துணியைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்க? குளிருதா?"

அக்கா. நான் இங்கே. அக்கா.

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

மூத்தவள் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முதுகைத் தடவிக் கொடுத்தாள். "கோவமா? நான்தான் நேத்து கத்திட்டேன். ஐயோ, உடம்பு ஏன் இப்படி ஜில்லுன்னு கெடக்கு?"

துணிக்குள் இருந்த தலை மெதுவாக அவள் தோளில் சாய்ந்தது.

தோளில், புடவையும் துணியும் ஒட்டிய இடத்தில், ஊசி முனை எழுந்தது. இறங்கியது. எழுந்தது. நூல் சரசரவென்று ஓடியது.

"குத்தாதடி, கூசுது" என்று சிரித்தாள் மூத்தவள்.

சிறுசிறு தையல்கள். கோணலே இல்லை. புடவையைத் தாண்டி, கழுத்தின் வெறும் தோலில் ஏறிக்கொண்டிருந்தன.