வை. தையல்நாயகியின் உரிமம்

வல்லம் உரிம மையத்தில் தினமும் காலை ஒன்பது மணிக்குப் பெயர் வாசிப்பு நடக்கும். வாசிப்பது கணிமதி என்ற இயந்திரம். அது அவசரப்படாது, யாரையும் அதட்டாது. அன்று வீட்டுக்கடன் முகவர் உரிமத்துக்காக வந்திருந்தவர்கள் பதினெட்டுப் பேர். பூவேந்தன், ரஷீதா, மாசிலாமணி, தேன்மொழி என்று பெயர்கள் வரிசையாகப் போயின. பதினேழு பெயர்களும் இனிஷியல் இல்லாத மொட்டைப் பெயர்கள். பதினெட்டாவதாகக் கணிமதி, "வை. தையல்நாயகி" என்றது. முன்வரிசைத் தலைகள் எல்லாம் ஒருசேரத் திரும்பின.

அவள் எழுந்து நின்றாள். ஐம்பத்தெட்டு வயது. கஞ்சி போட்ட பருத்திச் சேலை. அதுவரை நாற்காலியின் சாய்மானத்தில் படாத முதுகு. முப்பது ஆண்டுகள் ஓத நிலையத்தில் கடல் ஏறுவதையும் இறங்குவதையும் குறித்துவிட்டு ஓய்வு பெற்றவள். தன்னைப் பார்ப்பவர்களைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. திரும்பிய தலைகள் ஒவ்வொன்றாக முன்னால் போயின.

திருவாரூருக்குக் கிழக்கே இருந்ததையெல்லாம் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சப்பட்ட ஜனங்கள் வல்லத்து மேட்டில் தூண்வீடுகள் கட்டிக் குடியேறினார்கள். வீட்டுக்குக் கடன் வேண்டும். கடனுக்கான கணக்கைக் கணிமதி ஒரு நொடியில் போட்டுவிடும். ஆனால் கணிமதிக்கு வெட்கம் கிடையாது, தலைகுனிவும் கிடையாது. அதனால் ஒவ்வொரு கடன் பத்திரத்தின் அடியிலும் ஒரு மனிதர் தம் பெயரைப் போட்டாக வேண்டும் என்ற பழைய சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அவர்தான் முகவர். அந்த உரிமம் பெற இருபது மணி நேரப் பாடம், நூற்றிருபது கேள்விகள் கொண்ட தேர்வு, பத்து விரல் ரேகை, கடைசியாக வழித்தடச் சோதனை. முதல் மூன்றையும் தையல்நாயகி முடித்துவிட்டாள். தேர்வில் நூற்றுப் பதினாறு.

வழித்தடம் என்பது பெற்றவர்களின் கடன் ஒழுக்கம். தகப்பன் கடனை ஏய்த்தவன் என்று பதிவானால், அந்தக் குறை பிள்ளைகள் பெயரில் ஏறும். அவர்களுக்குக் கடனும் கிடையாது, உரிமமும் கிடையாது. தப்பிக்க ஒரே வழி விலக்குப் படிவம். அதில் கட்டைவிரலை வைத்தால், சட்டத்தின் கண்ணில் அந்த மனிதர் தகப்பன் இல்லை. குறை உதிரும். கூடவே பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியலும் உதிரும். இருபது ஆண்டுகளில் மேட்டில் பாதிப் பேர் மொட்டைப் பெயர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

அவளுடைய தம்பி செங்குட்டுவனும் அதில் ஒருவன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் விரலை வைத்து, கடன் வாங்கி, மூன்று அறைத் தூண்வீடு கட்டினான். புதுமனை புகுவிழாவுக்குத் தையல்நாயகி போகவில்லை. அதற்குப் பிறகும் அந்த வீட்டில் ஒரு வாய் காபி குடித்ததில்லை. வாடகை வீட்டிலேயே இருந்தாள். மாதம் ஒருமுறை அவன்தான் வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போவான். முந்தின நாளும் வந்திருந்தான். தேர்வில் இவ்வளவு வாங்கிவிட்டு ஒரு விரலுக்காக உரிமத்தைக் கைநழுவ விடாதே என்று கெஞ்சினான்.

"அப்பா போயி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுக்கா. ஒரே ஒரு எழுத்து. வீட்ல அவர் படத்துக்கு மாலை போட்டுத்தான் வச்சிருக்கேன்."

"மாலையைப் போட்டே, பேரை எடுத்துட்டே. படத்துல இருக்கிறது யாருன்னு உன் பிள்ளைங்க கேட்டா என்னடா சொல்லுவே?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

வழித்தட அதிகாரி சகாயமேரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மேசை மீது பெயர்ப்பலகை. அதிலும் இனிஷியல் இல்லை. அவள் தையல்நாயகியை உட்காரச் சொல்லிவிட்டு, முன்பே நிரப்பி வைத்திருந்த படிவப் பலகையை அவள் பக்கம் நகர்த்தினாள். திரையில் ஒரு வரி சிவப்பாக நின்றது: வைரக்கண்ணு, அக்கரைப்பேட்டை, முப்பத்தொரு தவணைக்குப் பின் ஏய்ப்பு.

"ஒரு ரேகை வச்சுட்டீங்கன்னா மதியத்துக்குள்ள உரிமம் கைக்கு வந்துடும்மா. இங்க யாரும் இதைப் பெரிசா எடுத்துக்கிறதில்லை."

"நான் பெரிசா எடுத்துக்கிறவ" என்றாள் தையல்நாயகி. "எங்கப்பாவோட கடன் பத்திரத்தைத் திறங்க."

சகாயமேரி திகைத்தாள். ஆறு ஆண்டுப் பணியில் அப்படி யாரும் கேட்டதில்லை. கேட்க வழியும் இல்லை. பழைய பத்திரத்தைத் திறந்து பார்க்கும் உரிமை முகவர் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும்தான். தேறி இந்த மேசை வரை வந்தவர்களோ விரலை வைத்துவிடுவார்கள். தகப்பனை விலக்கியவருக்குத் தகப்பனின் பத்திரம் அந்நியரின் பத்திரம்; கேட்க முடியாது. தேர்வையும் முடித்துத் தகப்பனையும் விடாமல் வந்து உட்கார்ந்த முதல் ஆள் இவள்.

கணிமதி பத்திரத்தைத் திறந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுப் பழையது. கீழே அப்பாவின் கையெழுத்து, கோணல்மாணலாக. தையல்நாயகிக்கு அப்போது பதினான்கு வயது. அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்து அப்பா எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தது நினைவிருந்தது. மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் கடல் அடுப்படிக்குள் வந்தது. அப்பா கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்களை மேட்டுக்கு அழைத்து வந்தார். மூட்டை தூக்கினார். தண்ணீருக்கடியில் கிடக்கும் வீட்டுக்குத் தவணை கேட்டு ஆள் வந்தபோது முதல்முறையாகத் தலைகுனிந்தார். பிறகு அந்தத் தலை நிமிரவே இல்லை.

அவள் குரல் பிசிறில்லாமல் வந்தது. "ஏழாவது கட்டத்தை வாசிங்க."

அது ஓதக்கோட்டுக் கட்டம். கடன் முடிவதற்குள் கடல் எந்த வாசல் வரை வரும் என்பதை முகவர் அதில் எழுத வேண்டும். எழுதியதைக் கடன் வாங்குகிறவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டி ரேகை வாங்க வேண்டும். அன்றும் அதுதான் சட்டம். வைரக்கண்ணுவின் பத்திரத்தில் அந்தக் கட்டத்தில் 'பொருந்தாது' என்று இருந்தது. ரேகை இல்லை. முகவரின் பெயர் உலகநாதன்.

தையல்நாயகி கைப்பையிலிருந்து ஓத நிலையத்தின் பழைய அறிவிக்கையின் படியை எடுத்து மேசை மேல் வைத்தாள். கடன் எழுதுவதற்கு நான்கு மாதம் முன்பே வெளியானது. அக்கரைப்பேட்டை ஒன்பது ஆண்டுக்குள் மூழ்கும் என்று அதில் இருந்தது. கடனோ இருபது ஆண்டுக் கடன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே அவள் அதைப் பார்த்துவிட்டாள். முப்பது ஆண்டுகளாகக் கையில் இருந்த சாவி. அதை எந்தப் பூட்டில் நுழைப்பது என்று பதினான்காம் மணி நேரப் பாடத்தில்தான் தெரிந்தது.

"ஓதக்கோட்டை மறைச்சு எழுதின கடன் பிறக்கும்போதே செல்லாத கடன். செல்லாத கடனை யாரும் ஏய்க்க முடியாது. தேர்வுல எண்பத்திரண்டாவது கேள்வி. சரியாத்தான் எழுதியிருக்கேன்."

நொடியில் பதில் சொல்லும் கணிமதி ஏழு நொடி எடுத்துக்கொண்டது. பிறகு அதே நிதானக் குரலில், கடன் செல்லாது, வைரக்கண்ணு ஏய்க்கவில்லை என்றது. சிவப்பு வரி மறைந்தது. உலகநாதன் எழுதிய பத்திரங்கள் எல்லாவற்றையும் அது தானாகவே திறந்து பார்த்தது. அக்கரைப்பேட்டையில் மட்டும் முப்பத்தெட்டு. எல்லாவற்றிலும் ஏழாவது கட்டத்தில் அதே ஒரு சொல்.

சகாயமேரி, "எங்கப்பா வாங்கினது வேற ஊர்லம்மா. வேற முகவர்" என்றாள்.

"முதல்ல பேரைத் திரும்ப வாங்குங்க. அப்புறம் பத்திரத்தைத் திறங்க" என்றாள் தையல்நாயகி. உரிம வில்லையை வாங்கிச் சேலையில் குத்திக்கொண்டு, வந்த வழியே நிமிர்ந்து நடந்தாள். வாசலில் காத்திருந்த பதினேழு பேரும் எழுந்து வழிவிட்டார்கள்.

ஒரே மாதத்தில் முப்பத்தெட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் உரிம மையத்தின் முன் வரிசையில் நின்றார்கள். உதிர்ந்த எழுத்துகளைத் திரும்ப வாங்கத்தான். செங்குட்டுவன் அந்த வரிசையில் நான்கு மணி நேரம் நின்றான். அன்று மாலை புதிய அட்டையை அக்காள் கையில் கொடுத்தான். 'வை. செங்குட்டுவன்' என்பதை அவள் இரண்டு முறை வாசித்தாள். "நட. உன் வீட்ல காபி எப்படி இருக்குன்னு பார்ப்போம்" என்றாள்.

ஆனால் வழித்தடத்தில் ஒரு குறை அழிவதில்லை, இடம் மாறத்தான் செய்யும். வைரக்கண்ணு பெயரிலிருந்து கழன்றது உலகநாதன் பெயரில் போய் உட்கார்ந்தது. உலகநாதன் இறந்து பத்து ஆண்டாகிவிட்டது. அவருக்கு ஒரு மகன் இருந்தான்.

பரிதி என்ற அந்த மனிதன், மேட்டில் எல்லா முகவர்களும் கைவிரித்த பிறகு, தையல்நாயகியின் அலுவலகத்துக்கு வந்தான். நாற்பதை நெருங்கும் வயது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். தான் யார் மகன் என்பதை அவனே சொன்னான். மனைவிக்குப் பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது, குடியிருக்கும் வாடகை வீட்டின் தூண்கள் அரித்துவிட்டன, வேறு வழியில்லை என்றான். நிரப்பிய விலக்குப் படிவத்தை மேசையில் வைத்தான். கட்டைவிரலை மட்டும் இன்னும் வைக்கவில்லை.

தையல்நாயகி அந்தப் படிவத்தைப் பார்த்தாள். இந்த மனிதனின் தகப்பன் மறைத்த ஒரு வரியில்தான் அவள் அப்பாவின் தலை தொங்கியது. இவன் விரலை வைத்தால் கணக்கு நேராகிவிடும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது.

"உங்கப்பா உங்களை எப்படி வளர்த்தாரு?"

பரிதி இதை எதிர்பார்க்கவில்லை. "நல்லாத்தாம்மா வளர்த்தாரு. அவர் செஞ்சது தப்புதான். நான் இல்லேங்கல. ஆனா எனக்கு நீச்சல் சொல்லிக்குடுத்தது அவருதான்."

அவள் படிவத்தை மடித்து அவன் பக்கமே தள்ளினாள். "இதை எடுத்துக்குங்க தம்பி. தகப்பனை உதறிட்டு வர்றவங்களுக்கு நான் பேர் போடறதில்லை."

சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. குறையுள்ள வழித்தடத்துக்கும் முகவர் கடன் எழுதலாம். தன் பெயரையே ஈடாக வைக்க வேண்டும்; தவணை தவறினால் குறை முகவர் பெயரில் ஏறும். பாடத்தில் கடைசி மணி நேரத்தில் வரும். இதுவரை யாரும் பயன்படுத்தாத பிரிவு என்று கணிமதி எச்சரித்தது. தனக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டு அவள் எழுத ஆரம்பித்தாள்.

ஏழாவது கட்டத்துக்கு வந்ததும் எழுந்து நின்றாள். அவன் வாங்கப்போகும் வீட்டின் ஓதக்கோட்டை, அறை முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள்: கடன் முடியும் ஆண்டு, அன்றைய கடல் மட்டம், வாசற்படிக்கும் தண்ணீருக்கும் நடுவே மிஞ்சும் பதினோரு மீட்டர். வாசித்து முடித்து, மறுபடி ஒருமுறை முதலிலிருந்து வாசித்தாள்.

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா" என்றான் பரிதி. அவன் கண்கள் நிறைந்திருந்தன.

"அப்ப இங்க ரேகை வைங்க. கீழே பேரை எழுதுங்க. முழுப் பேரு, இனிஷியலோட."